இங்கிலாந்துக் கிராமத்துக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு

ஏப்ரல் கடைசி வாரம் போங்கள், புளூபெல் பூத்துத் தரையெல்லாம் நீலமாகக் கிடக்கும். படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட செடி தேறப் பல வருஷம் ஆகும்.

வழிக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் அரசு வரைபட நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடம்தான் நல்லது. வேலிக் கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடைபாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், ஒதுங்கத் தயாராக இருங்கள்.

மழை பெய்து இரண்டு நாள் ஆனாலும் கேட் பக்கம் கணுக்கால் வரை சேறு நிற்கும் (என் வெள்ளை ஷூ போனது அங்கேதான்). கன்றோடு பசுக்கள் நின்றால், குறிப்பாக நாய் கூட வந்தால், நன்றாகச் சுற்றிப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எள் அளவுதான் இருக்கும்.