உயரமான ஹால்ல ரப்பர் பிளேன் விடப் போறீங்களா?

பசங்களோட ரப்பர் பிளேன், அதாவது ரப்பர் பேண்டை முறுக்கி பறக்க விடுற குட்டி பிளேன், விடுறவங்களுக்கு ஒரு டிப்ஸ். வீட்டு வாய்ட் டெக்ல (புளோக்கோட கீழ்த்தள திறந்த இடத்துல) நல்லா பறக்குற பிளேன், ஸ்போர்ட்ஸ் ஹால்ல முழுசா முறுக்கி விட்டா செங்குத்தா ஏறி கூரை கம்பியில மாட்டிக்கும், அப்புறம் எடுக்கறது பெரும்பாடு.

எல்லாமே ரப்பர்லதான் இருக்கு. புது ரப்பர்ல பவுடர் ஒட்டியிருக்கும், அதை சோப்பு தண்ணியில கழுவி நிழல்ல காயவச்சு, ஒரே ஒரு சொட்டு சிலிக்கான் ஆயில் விட்டு விரல்ல மெதுவா உருவுங்க. வெயில்ல மட்டும் காயவைக்காதீங்க, ரப்பர் கெட்டுடும். முறுக்கும்போது நாலஞ்சு மடங்கு நீளத்துக்கு இழுத்து வச்சு மொத்த சுத்துல பாதியை போடுங்க, மீதியை கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வந்துகிட்டே முறுக்குங்க. விரல் வச்சு பாத்தா முடிச்சு முடிச்சா ஒரே சீரா உருண்டு வரணும், எங்கயாவது ஒரே இடத்துல கட்டி தட்டினா அவிழ்த்துட்டு திரும்ப ஆரம்பிங்க.

முக்கியமான விஷயம், முழுசா முறுக்குனதும் அப்படியே விட்டுடாதீங்க, கொஞ்சம் சுத்தை பின்னாடி அவிழ்த்துட்டு விடுங்க. ஆரம்ப வேகம் குறையும், கூரைக்கு கீழயே நின்னு நிதானமா வட்டமடிக்கும். எவ்வளவு அவிழ்க்கணும்னு ஒவ்வொரு தடவையும் நோட்ல எழுதி வைங்க.

எஃப்1டிங்கிற உள்ளரங்க ரப்பர் பிளேன் போட்டி பிரிவுல ரப்பர் வெறும் 0.4 கிராம்தான், அதுலயே அரை மணி நேரம் வரைக்கும் கூட பறக்க வைக்கிறாங்க, அவ்வளவு நுணுக்கமான வேலை இது!

அப்புறம் நம்ம சிங்கப்பூர் ஈரக்காத்துல பிளேன் செய்யுற லேசான பால்சா கட்டை ஈரத்தை இழுத்து லேசா வளையும், அதனால ஹாலுக்கு வந்ததும் ரெக்கையை ஒருதடவை நேரா வச்சு பாருங்க, ஏர்கானையும் ஃபேனையும் நிறுத்தச் சொல்லிட்டு விடுங்க.