பாட்டி வீட்டு வெள்ளியைப் பீரோவில் பூட்டாதீர்கள்

வரலட்சுமி நோன்புக்கு ஒரு தடவை, கல்யாணத்துக்கு ஒரு தடவை என்று வெளியே வரும் வெள்ளிதான் கறுத்துக் கிடக்கும். காற்றில் உள்ள கந்தகம் மெல்லப் படிவதுதான் காரணம். தினமும் புழங்கிக் கழுவித் துடைக்கிற டம்ளருக்கு இந்தத் தொல்லை குறைவு, அதனால் புழங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் கூஜாவின் அடியில் புள்ளி புள்ளியாகக் கொள்ளுத்தாத்தாவின் இனிஷியலும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கிறது. பழசைப் போட்டுப் புதுசு வாங்கினால் உருக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். விளிம்பு தேய்ந்த இடத்தில் செம்போ பித்தளையோ தெரிந்தால் அது வெறும் முலாம், அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஜெர்மன் சில்வர் என்பதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான்.

துலக்க நைசான விபூதியும் ஈரத்துணியும் போதும். டூத்பேஸ்ட் வேண்டாம், கீறும். ரொம்பக் கறுத்திருந்தால் ஒரு பேசினில் அலுமினியம் ஃபாயில் விரித்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றி, பாத்திரம் ஃபாயிலில் படும்படி சில நிமிடம் வையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம், கந்தகம் கழன்று போகிறது. ஆனால் பூவேலைக்குள் வேண்டுமென்றே கறுப்பு விட்டிருக்கும் பழைய சாமான்களுக்கு இது ஆகாது, அழகே அந்தக் கறுப்புதான்.

அப்புறம், எதில் எதை வைப்பது? சந்தனக் கும்பாவில் பாயசம் கொடுத்துப் பாருங்கள், வந்தவர்கள் இரண்டாவது கும்பா கேட்பார்கள். வெற்றிலைப் பெட்டியில் ஏலக்காய், கிராம்பு. குங்குமச்சிமிழில் கழற்றி வைக்கிற தோடு. டம்ளரில் காபி குடிக்கலாம், ஆனால் வெள்ளி சட்டென்று சூடேறும், டவராவில் ஆற்றாமல் வாயில் வைத்தால் உதடு பொரிந்துவிடும். உப்பு, ஊறுகாய், முட்டை மூன்றும் வேண்டாம். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் காரீயம் வைத்து ஒட்டிய தடம் தெரிந்தால் அதில் புகட்டாதீர்கள், அது ஷோகேஸுக்குத்தான்.

எடுத்து வைக்கும்போது நன்றாக ஈரம் போகத் துடைத்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, கூடவே இரண்டு சாக்பீஸ் போடுங்கள். ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலும் கந்தகம் உண்டு. எங்கள் ஸ்பூன் கட்டில் யாரோ சுற்றி வைத்த ரப்பர் பேண்டின் தடம் இன்னமும் கறுப்பு வளையமாகத் தெரிகிறது.