மாமியாரின் கொள்ளுப்பாட்டி யார் வீட்டுப் பெண்?

என் மாமியாருக்குச் சொந்த ஊர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன கிராமம். அங்கே கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கொள்ளுப்பாட்டியின் கல் இருக்கிறது. மேரி, இன்னாரின் மனைவி, இறந்தது 1904, வயது 66 வருடம் 2 மாதம் 9 நாள். அவ்வளவுதான். அந்தக் காலத்து ஒஹையோவில் மேரி என்பது நம்மூர் லட்சுமி மாதிரி, தெருவுக்கு நாலு பேர். கல்யாணம் ஆனதும் குடும்பப் பெயரும் மாறிவிடும். அதனால் அவளை நேராகத் தேடாதீர்கள். அவளைச் சுற்றி இருந்தவர்களைத் தேடுங்கள்.

கல்லில் உள்ள வயதை இறந்த தேதியிலிருந்து கழித்தால் பிறந்த தேதி கிடைத்துவிடும். 19ஆம் நூற்றாண்டுக் கற்களில் நாள் வரைக்கும் வயதைப் பொறிப்பது வழக்கம். எங்களுக்கு 1838 என்று வந்தது.

அடுத்து சென்சஸ். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கடைசியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1900 சென்சஸ் பெண்களைத் தேடுகிறவர்களுக்குப் புதையல்: பிறந்த மாதம், வருடம், மணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். மேரிக்கு மணமாகி 33 ஆண்டு. அப்படியானால் 1867.

1890ஐத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் அநேகமாக எல்லாம் நாசம். நேராக 1880க்குப் போங்கள். குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று முதன்முதலில் எழுதியது அதில்தான். மேரி வீட்டில் 21 வயதிலும் 19 வயதிலும் இரண்டு பையன்கள், வேறு குடும்பப் பெயரோடு. உறவு என்ற இடத்தில் ‘மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகன்’ என்ற பொருளில் ஒரு சொல். மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இரண்டாம் கல்யாணம் என்பது வீட்டில் யாருக்குமே தெரியாது.

சரி, இப்போது கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) திருமணப் பதிவேடு. 1867இல் மணப்பெண் பெயருக்கு முன்னால் ‘திருமதி’ என்று இருந்தது. விதவையாக இருக்கலாம் என்பதற்கு அது ஒரு அடையாளம். வருடங்களைப் பாருங்கள்: உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை. கணவர் போரில் இறந்தாரா?

நான் மூன்று மாதம் கோட்டை விட்டது இங்கேதான். போரில் இறந்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு அரசு பென்ஷன் கொடுத்தது. அந்தப் பென்ஷன் அட்டவணையை மேரி பெயரில் தேடிக்கொண்டே இருந்தேன். அது சிப்பாயின் பெயரில் அடுக்கப்பட்டது; அந்தப் பையன்களின் குடும்பப் பெயரில்தான் தேடியிருக்க வேண்டும். சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். மறுமணம் செய்தால் நின்றுவிடும், பிறகு 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பாளர் மூலம் கிடைக்கும். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பணம் கட்டினால் கோப்பின் நகல் தருவார்கள். கட்டுங்கள், யோசிக்காதீர்கள். பணம் வாங்க ஒரு பெண் தன் கல்யாணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் நிரூபித்தாக வேண்டும், அதனால் அவள் வாழ்க்கையே அதில் இருக்கும். எங்கள் கோப்பில் பிரசவம் பார்த்த அம்மாளின் சத்தியப் பத்திரம் இருந்தது. 1858 திருமணத்துக்குப் பாதிரியார் கொடுத்த சான்று இருந்தது. பிள்ளைகளுக்குக் காப்பாளராகக் கையெழுத்திட்டவர் தாய்மாமன்! அவருடைய குடும்பப் பெயர்தான் மேரியின் பிறந்த வீட்டுப் பெயர்.

அந்தப் பெயரோடு 1850 சென்சஸுக்குப் போங்கள். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதினார்கள். சுதந்திர மனிதர் எல்லோருடைய பெயரும் வருவது 1850இலிருந்துதான். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் அப்போதும் முதலாளி பெயருக்குக் கீழே வெறும் வயதும் பாலினமும் நிறமும்தான். நீங்கள் தேடுவது அப்படி ஒரு பெண்ணை என்றால் 1870 சென்சஸிலிருந்தும், விடுதலையான அடிமைகளுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற அலுவலகத்தின் ஆவணங்களிலிருந்தும் தொடங்க வேண்டியிருக்கும்.

1850இல் உறவு எழுத மாட்டார்கள். வீட்டில் இருக்கும் பெண் மகளாகவும் இருக்கலாம், அண்ணன் மகளாகவும் இருக்கலாம். அதே வீட்டில் அந்தத் தாய்மாமன் பெயரும் இருந்ததால்தான் நாங்கள் நம்பினோம். மேரி, வயது 12. அந்த ஆண்டு பள்ளிக்குப் போனவர்களுக்கான கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு.