கரண்ட் வந்த பிறகும் ஹாட்ஸ்பாட்டை விடாத லேப்டாப்: விண்டோஸ் 11-இல் வைஃபையைச் சரிசெய்யும் முறை

கரண்ட் போகிறது, மோடம் அணைகிறது. வேலை நிற்கக் கூடாதே என்று போனில் ஹாட்ஸ்பாட் போடுகிறோம். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்து வீட்டு வைஃபையும் வந்துவிடும். லேப்டாப் மட்டும் ஹாட்ஸ்பாட்டிலேயே உட்கார்ந்திருக்கும். சாயங்காலத்துக்குள் அன்றைய 1.5 ஜிபி டேட்டா காலி. என் வீட்டில் இது அடிக்கடி நடந்ததால்தான், எந்த வைஃபையில் சேர்வது என்பதை விண்டோஸ் எப்படி முடிவுசெய்கிறது என்று தேடிப் படித்துச் சரிசெய்தேன். அதே வேகத்தில் வைஃபை தொடர்பான மற்ற தொல்லைகளும் தீர்ந்தன. அவை எல்லாம் இங்கே.

வைஃபையில் இணைவது, பாஸ்வேர்ட் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்துச் செய்யும் வழிகளும் உண்டு. புதியவர்களுக்கு அவை வேண்டாம், எல்லாவற்றையும் மவுஸிலேயே முடித்துவிடலாம்.

படி 1: பழைய பெயர்களை நீக்குங்கள்

விண்டோஸ் பட்டனை அழுத்தியபடி ஐ எழுத்தைத் தட்டினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிறகு வைஃபை, பிறகு 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்'. நீங்கள் இதுவரை சேர்ந்து, லேப்டாப் நினைவில் வைத்திருக்கும் வைஃபைகள் அங்கே வரிசையாக இருக்கும். தங்கிய லாட்ஜ், காலிசெய்த வாடகை வீடு, பழைய ஆபீஸ் எல்லாவற்றுக்கும் 'ஃபர்கெட்' கொடுங்கள்.

பாஸ்வேர்ட் கேட்காத பொது வைஃபைகளை முதலில் நீக்குங்கள். அவற்றுக்குப் பெயர் மட்டும்தான் அடையாளம். அதே பெயரை வேறு யாராவது தன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்தால், தானாகச் சேரும் அனுமதி இருக்கிற லேப்டாப் கேள்வி கேட்காமல் அதில் போய்ச் சேர்ந்துவிடும்.

படி 2: எந்த வைஃபை முதலில்?

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

ஒரு வைஃபை கிடைத்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் இன்னொன்றைக் கையால் தேர்ந்தெடுத்தால், அந்த இரண்டாவதுதான் உங்களுக்குப் பிடித்தது என்று விண்டோஸ் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை இரண்டும் கிடைத்தால் இரண்டாவதில்தான் சேரும். என்றோ ஒருநாள் வீட்டு நெட் மெதுவாக இருக்கிறதே என்று மோடம் ஓடும்போதே ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியிருப்பீர்கள். அன்றிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு முதல் இடம்.

இன்னொன்றும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற இணைப்பை விட்டுவிட்டு வேறு பெயருள்ள வைஃபைக்கு விண்டோஸ் பொதுவாகத் தானாக மாறுவதில்லை. போனில் ஹாட்ஸ்பாட் ஆனில் இருக்கும்வரை லேப்டாப் அதிலேயே இருக்கும்.

இப்போது சரிசெய்வோம். மோடமும் ஹாட்ஸ்பாட்டும் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும், அது முக்கியம். முதலில் ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். சேர்ந்த பிறகு, அதிலிருந்து வீட்டு வைஃபைக்குக் கையால் மாறுங்கள். இதனால் வீட்டு வைஃபை மேலே ஏறிவிடும். அப்புறம் மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸுக்குப் போய் ஹாட்ஸ்பாட் பெயரைத் தட்டி, 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி வென் இன் ரேஞ்ச்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை கரண்ட் போய் ஹாட்ஸ்பாட்டில் சேரும்போது, கனெக்ட் பட்டனுக்கு மேலே ஒரு டிக் பெட்டி வரும். அது காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கனெக்ட் கொடுங்கள். அவசரத்தில் அந்தப் பெட்டியைத் தட்டிவிட்டால் பழைய கதைதான். கரண்ட் வந்ததும் போனில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள், லேப்டாப் தானாக வீட்டுக்குத் திரும்பிவிடும்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம் விட நல்ல தீர்வு மோடத்துக்கு என்றே விற்கிற மினி யுபிஎஸ்தான். பெரும்பாலான மோடம்கள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. ஆனாலும் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து, அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். ஃபைபர் இணைப்பு என்றால், மோடம் ஓடினால் போதும், வீட்டில் கரண்ட் இல்லாதபோதும் பெரும்பாலும் நெட் வரும். மோடத்தை மாற்றச் செலவழிப்பதற்கு முன்னால் இதை வாங்குங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

படி 3: ஹாட்ஸ்பாட் டேட்டாவைக் காப்பாற்றுங்கள்

அதே ஹாட்ஸ்பாட் பெயருக்குள் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்களை விண்டோஸ் தள்ளிவைக்கும், ஒன்டிரைவும் கோப்புகளை ஏற்றுவதை நிறுத்திவைக்கும். வீட்டு வைஃபைக்கு இதைப் போடாதீர்கள், அப்டேட்கள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

படி 4: 2.4-ஆ, 5-ஆ?

இப்போதைய மோடம்களில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 சுவர் தாண்டி நன்றாகப் போகும், வேகம் குறைவு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் அத்தனை வீட்டு மோடமும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கும். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசலும் குறைவு. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு எல்லாம் தானாக நடக்கட்டும் என்று விடுவது எனக்குப் பிடிக்காது. எதில் சேர்வது என்பதைக் கடைசியில் முடிவுசெய்வது மோடம் அல்ல, லேப்டாப்தான். பல நேரம் அது 2.4-ஐயே பிடித்துக்கொண்டிருக்கும். மோடம் செட்டிங்கில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். லேப்டாப்பில் 5-ஐ மட்டும் சேமியுங்கள். பின்பக்க அறைவரை சிக்னல் எட்டவில்லை என்றால் மட்டும் 2.4.

மோடத்தில் கைவைக்க முடியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் எழுத்தைத் தட்டி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸில் உங்கள் வைஃபை கார்டை இருமுறை தட்டி, அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போங்கள். 'ப்ரிஃபர்ட் பேண்ட்' என்பதில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். இது இன்டெல் கார்டுகளில் உள்ள பெயர், மற்ற கார்டுகளில் பெயர் மாறலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயரே பட்டியலில் வராத பழைய லேப்டாப் என்றால் அதன் கார்டு 2.4 மட்டும் எடுக்கும் வகையாக இருக்கலாம்.

2.4-இல் இருக்கும்போது யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை தடுமாறுகிறதா? அந்தக் கேபிளும் டிஸ்க்கும் 2.4 பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

படி 5: மூடித் திறந்ததும் வைஃபை காணவில்லை

லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை அறுந்துபோகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் அதே கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

வைஃபை ஐகானே மறைந்துவிட்டால் ஷட்டவுன் செய்து ஆன் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருக்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. டிரைவர்களின் (வைஃபை கார்டு போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்களின்) நிலையைச் சேமித்துவைத்துத் திரும்ப அதையே ஏற்றும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

படி 6: 'கனெக்டட், நோ இன்டர்நெட்'

இணைந்த பிறகு விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரிலிருந்து ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பை எடுக்க முயலும். அது கிடைக்கவில்லை என்றால்தான் இப்படிக் காட்டும். முதலில் அதே வைஃபையில் போனில் நெட் வருகிறதா என்று பாருங்கள். போனிலும் இல்லை என்றால் மோடத்திலோ லைனிலோதான் கோளாறு, லேப்டாப்பைத் தொடாதீர்கள். போனில் வருகிறது என்றால், அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் மோடத்திடமிருந்து லேப்டாப்புக்கு முகவரி கிடைக்கவில்லை. 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி சேருங்கள். முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால், அங்கேயே டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மேனுவலாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால், சேமித்த நெட்வொர்க் அமைப்புகளை எல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்கும் 'நெட்வொர்க் ரீசெட்'. அதற்கு முன் பாஸ்வேர்ட்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விபிஎன் மென்பொருளையும் திரும்ப நிறுவ வேண்டிவரலாம்.

படித்தவர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

பவர் மேனேஜ்மென்ட் பகுதியே வரவில்லை என்று பலர் எழுதினார்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பை (மூடியிருக்கும்போதும் போனைப் போலக் குறைந்த மின்சாரத்தில் விழித்திருக்கும் முறை) உள்ள புது லேப்டாப்களில் அது பெரும்பாலும் இருக்காது. அப்படி இருந்தால், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்கி நிறுவுங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரம் வரும் மென்பொருள்கள் எதுவும் வேண்டாம்.

ஹாஸ்டலில் தினமும் லாகின் பக்கம் வருகிறது என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். அந்த வைஃபைக்குள் 'ராண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' என்பதில் 'சேஞ்ச் டெய்லி' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை கார்டின் அடையாள எண்ணான அந்த முகவரியை அது தினமும் மாற்றும்போது ஹாஸ்டல் சர்வர் உங்கள் லேப்டாப்பைப் புதிய ஆளாக எண்ணிக்கொள்ளும். அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள், மற்ற இடங்களில் ஆனிலேயே இருக்கட்டும்.