பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டைப் பார்க்காதீர்கள்

தோட்டத்தில் ஒரு கூடு தெரிந்துவிட்டால் போதும், தாய்மை, தியாகம், பொறுமை என்று மனம் உவமை தேடத் தொடங்கிவிடுகிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அந்த ஆசையில் நாம் செய்யும் தவறுகளில் சில குஞ்சின் உயிரையே வாங்கிவிடும்.

நான் செய்ததையே சொல்கிறேன். எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் ஒரு சின்னான், அதாவது கொண்டைக்குருவி, இடுப்பளவு உயரத்தில் கூடு கட்டியிருந்தது. குஞ்சுகள் நன்றாகத் தெரியட்டும் என்று, குறுக்கே நின்ற இரண்டு கிளைகளை இழுத்துக் கட்டினேன். மறுநாள் காலையில் கூடு காலி. காக்கைக்கு நானே வழி திறந்துவிட்டிருந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஒரு இலையைக்கூட விலக்காதீர்கள். தாய் இரையை அலகில் வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகாமல் கிளைக்குக் கிளை தாவிக் கத்தினால், நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள்.

அடுத்தது, தரையில் இருக்கும் குஞ்சை 'அநாதை' என்று முடிவுகட்டி வீட்டுக்குள் எடுத்துவருவது. சின்னான் குஞ்சு பொரித்து இரண்டு வாரம் ஆகும் முன்பே, சரியாகப் பறக்கத் தெரியாமலே கூட்டை விட்டு இறங்கிவிடும். பெற்றோர் அருகிலிருந்து சில நாட்கள் இரை ஊட்டுவார்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகும் குஞ்சை அங்கேயே விட்டுவிட்டு, பூனையை மட்டும் விரட்டுங்கள். இறகே முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. பால் புகட்டவே கூடாது, பறவைக்கு அது செரிக்காது. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

இனி, கதைகளை நம்பும் தவறு. தாய்க்கழுகு குஞ்சைக் கூட்டிலிருந்து தள்ளிவிட்டுப் பறக்கப் பழக்குமாம். பிள்ளைகளைக் கண்டிப்பதற்கு இதை மேற்கோள் காட்டும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கழுகு அப்படிச் செய்வதில்லை. குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று நாள் கணக்கில் சிறகடித்துப் பழகி, தானாகவே கிளம்பும். பறந்த பின்னும் பல வாரங்கள் பெற்றோர் இரை கொண்டுவந்து கொடுக்கும்.

நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்வதும் தவறுதான். தூக்கணாங்குருவியைக் குடும்பப் பாசத்துக்கு உதாரணம் காட்டுகிறோம். ஆண் பாதிக் கூட்டைப் பின்னும். பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால் ஆண் மீதியை முடிக்கும். அதன் பிறகு வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். குஞ்சு வளர்ப்பின் பெரும்பாரம் பெண்ணின் தலையில். உண்ணிக்கொக்குக் கூட்டில் முந்திப் பொரித்த குஞ்சு, பிந்திப் பிறந்ததைக் கொத்திக் கொன்றுவிடுவதும் உண்டு, பெற்றோர் தடுப்பதில்லை. 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்கிறோம். அதே காக்கை, தன் கூட்டில் குயில் இட்ட முட்டையையும் அடைகாத்து, அந்தக் குஞ்சுக்கும் ஊட்டுகிறது. இவற்றில் எதை நல்லொழுக்கம் என்பது, எதைத் தீமை என்பது? பறவை நமக்காக வாழவில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் அதன் வாழ்வு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது.

மறு ஆண்டு அதே செம்பருத்தியில் மீண்டும் ஒரு கூடு. இம்முறை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அரைமணி நேரத்தில் எத்தனை முறை இரை வருகிறது என்று மட்டும் குறித்துவந்தேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: இரை ஊட்டிய கையோடு தாய் கூட்டுக்குள் குனிந்து, குஞ்சின் எச்சத்தை அலகால் எடுத்தது. சின்னஞ்சிறு வெள்ளைப் பை போல இருந்தது. அதைத் தெருவுக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அடுத்த முறை வரும்போது பச்சைப் புழு ஒன்றோடு வந்தது.