கரப்பான் உள்ள குழந்தைக்கு க்ரீம் தேடும்போது செய்யும் தவறுகள்

கரப்பான், அதாவது எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய், வந்த குழந்தையை ராத்திரி தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும். தூக்கத்திலேயே கன்னத்தை நம் தோளில் தேய்த்துக்கொண்டே இருக்கும். விடிந்து பார்த்தால் சட்டையில் ரத்தப் புள்ளி. என் மகளுக்கு நாலாம் மாதத்தில் இது தொடங்கியது. அந்தப் பதற்றத்தில் யார் எதைச் சொன்னாலும் தடவத் தோன்றும், தடவினேன். பயத்தமாவு, பாலேடு, பாதாம் எண்ணெய். "வாயில் போடுவதுதானே, தோலில் போட்டால் என்ன?" என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

தவறுகளில் பெரியது அதுதான். கரப்பான் உள்ள தோல், கீற்று விலகிய கூரை மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருப்பது உள்ளே இறங்கும். குடல் வழியாக வரும் உணவை உணவென்று ஏற்க உடல் பெரும்பாலும் பழகிக்கொள்கிறது. அதே உணவின் புரதம் புண்பட்ட தோல் வழியாக நுழைந்தால், அதைப் பகையாகக் குறித்து வைத்துக்கொள்ளலாம். வேர்க்கடலை எண்ணெய் கலந்த க்ரீம்களைக் கரப்பான் மேல் தடவிய குழந்தைகளிடம் பிற்பாடு வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததை பிரிட்டனில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை கோதுமை உணவைத் தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வந்த பெரியவர்கள் அவர்கள்.

ஆகவே கடலைமாவு, பால், பாதாம், நல்லெண்ணெய் எதுவும் வெடித்த தோலில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் வேறு கதை. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில் சுத்தமான தேங்காய் எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் தோலின் காப்பைக் கெடுக்கக்கூடியவை.

அடுத்தது, டப்பாவின் முன்பக்கத்தை நம்புவது. 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமையைத் தூண்டும் வாய்ப்பு குறைவு) என்ற சொல்லுக்கு அமெரிக்காவில்கூட அரசு வகுத்த வரையறை கிடையாது. 'அன்சென்டட்' என்றால் வாசனை தெரியாது என்றுதான் பொருள். இருக்கும் வாடையை மறைக்க இன்னொரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். வாசனைப் பொருளே சேர்க்காதது என்று பொருள்படும் 'ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்று தேடுங்கள். பிறகு பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். அங்கே பாதாம் 'ப்ரூனஸ்' என்றும், எள் 'செசாமம்' என்றும், வேர்க்கடலை 'அராக்கிஸ்' என்றும், ஓட்ஸ் 'அவேனா' என்றும் லத்தீன் பெயரில் இருக்கும். ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலினும், மீதைல்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்தியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியைவிடச் சாதுவான பொருள் கிடைப்பது கஷ்டம். ஆனால் சென்னை மே மாதத்தில் அதைக் கனமாகப் பூசினால் வேர்க்குரு கிளம்பும். பகலில் வாசனையில்லாத க்ரீம், ராத்திரி மெல்லிய பூச்சாக ஜெல்லி என்று நான் பிரித்துக்கொண்டேன்.

புது க்ரீமை முதல் நாளே உடம்பு முழுக்கப் போடாதீர்கள். முன்கையின் உள்பக்கம் சின்ன இடத்தில் தினம் இரண்டு வேளை, நாலைந்து நாள் தடவிப் பாருங்கள்.

சிக்கனமும் தவறுதான். உடல் முழுக்க வறண்ட கைக்குழந்தைக்கு வாரத்துக்குச் சுமார் 100 கிராம் வேண்டும். 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் வருகிறதென்றால் போதவில்லை என்று அர்த்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல், ஒற்றித் துடைத்தல், ஈரம் காய்வதற்குள் பூச்சு. டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். குளித்ததும் சாம்பிராணி போடும் வீடுகளில் இன்னொரு எச்சரிக்கை: க்ரீமும் ஜெல்லியும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். புகையும் கரப்பானைக் கிளறும். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் ஒன்றாக இருக்கும். இரண்டு நாளில் தோல் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் திரும்பிவிடும், தொடர்ந்தால் தோல் மெலியும். அதற்காக மருத்துவர் அளந்து எழுதித்தரும் ஸ்டீராய்டைப் பயந்து ஒதுக்குவதும் சரியில்லை. அழற்சியால் சிவந்த தோலை ஈரப்பூச்சு மட்டும் ஆற்றாது. அதுபோல, கரப்பானுக்குக் காரணம் என்று நினைத்து உணவில் முட்டையையும் பாலையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அதைப் பரிசோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரே அளவில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, காய்ச்சலும் இருந்தால் எந்தக் க்ரீமையும் தேடாதீர்கள். அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.