பூட்டிய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் இதைச் செய்யுங்கள்

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டர். பட்டனை அமுக்கினால் ஃபேனும் சுற்றவில்லை, லைட்டும் எரியவில்லை. உடனே "மதர்போர்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுவர் பிளக்கில் தொடங்கி மதர்போர்டு வரை கரண்ட் வரும் வழியை வரிசையாகப் பார்த்தால், எங்கே நிற்கிறது என்பது பெரும்பாலும் வீட்டிலேயே தெரிந்துவிடும். (ஃபேன் சுற்றியும் திரையில் படம் வரவில்லை என்றால் அது வேறு கோளாறு.)

1. பிளக் பாயிண்ட்
யு.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் நடுவில் வேண்டாம். நேராகச் சுவரில் செருகுங்கள். அதே பாயிண்டில் போன் சார்ஜர் வேலை செய்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) பின்புற சுவிட்ச், கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்கிறதா? இவ்வளவுதான்.

2. கனெக்டர்கள்
இனி உள்ளே கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மதர்போர்டுக்கு 24 பின் கேபிள், பிராசசருக்கு அருகில் 8 பின் கேபிள், இரண்டையும் கழற்றி, கிளிப் 'டக்' என்று விழும்வரை திரும்ப அமுக்குங்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் வீடு இருந்தால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். உப்புக் காற்று எதையும் விடாது. பிளக்கின் பித்தளைக் கம்பியில் பச்சைக் களிம்பு படியும், கேபினெட் ஸ்க்ரூ துருப்பிடிக்கும். பழைய ரேமை எடுத்துப் போட்டிருந்தால் அதன் பொன்னிறப் பட்டைகளைப் பாருங்கள். மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை நன்றாகத் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

3. பவர் பட்டன்
புதிதாகப் பூட்டுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கேபினெட் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர், மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டே பின்களில் உட்கார வேண்டும். ஒரு பின் தள்ளிச் செருகினாலும் பட்டன் வேலை செய்யாது. எந்த இரண்டு என்பது மேனுவலில் படமாக இருக்கும். அந்த வயரை உருவிவிட்டு, பிளக்கை மாட்டி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்களை மட்டும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் கோளாறு பட்டனில் அல்லது அதன் வயரில்தான். மதர்போர்டுக்குக் கரண்ட் வருகிறது.

4. எஸ்.எம்.பி.எஸ்.
எல்லா கேபிளையும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்திலுள்ள கறுப்பு வயரையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்தபின் கரண்ட் கொடுங்கள். எல்லா வயரும் கறுப்பு என்றால் 16-ஆம் பின்தான் அந்தப் பச்சை. அதன் இரு பக்கமும் கிரவுண்ட், அதாவது அந்தக் கறுப்பு வயரின் இடம். ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு உயிர் இருக்கிறது. லோடு (கரண்ட் இழுக்கும் பாகம்) இல்லாதபோது ஃபேனைச் சுற்றவிடாத மாடல்களும் உண்டு. அப்போது மஞ்சள் நிற 12 வோல்ட் வயரை மல்டிமீட்டரில் பாருங்கள், 11.4 முதல் 12.6 வரை காட்டலாம். எதற்காகவும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் நிற்கும்.

ஐப்பசி இடிமழைக்குப் பிறகு நின்றுபோன கம்ப்யூட்டர் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தப் பெட்டியைத்தான். இண்டர்நெட் கேபிள் வழியாகவும் இடி இறங்கும். மேகம் கறுத்தால் பவர் பிளக், இண்டர்நெட் கேபிள் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

5. கேபினெட்டுக்கு வெளியே
இன்னும் உயிர் வரவில்லையா? மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம், இரண்டு பவர் கேபிள் மட்டும் போதும். மூன்றாம் படியில் சொன்னபடி பின்களைத் தொடுங்கள். இங்கே ஓடினால் கேபினெட்டுக்குள் ஷார்ட் ஆகிறது. பெரும்பாலும் துளை இல்லாத இடத்தில் நிற்கும் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) போர்டின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதைக் கழற்றுங்கள்.

இங்கேயும் ஓடாமல், நாலாம் படியில் எஸ்.எம்.பி.எஸ். தேறியிருந்தால், மதர்போர்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வண்டி ஏறலாம். எந்தெந்தப் படி பார்த்தீர்கள் என்று கடையில் வரிசையாகச் சொல்லுங்கள்.